வற்றம்

வீபெ விடியுமுன்னே கணக்குப் போட்டுவிட்டான்:
எத்தனை கடல்மைல், எத்தனை மணிக்குத் தீவு.
மின்கெ ஏழுமுறை கேட்டுவிட்டாள்,
"வந்துடுச்சா?"
ஃபொக்கெ கரடிப் பொம்மையைத் தூக்கிக் காட்டி
இதற்கும் குமட்டுகிறது என்றான்.

பிறகு கடல் கிளம்பிவிட்டது.
வாடன் கடல் அப்படித்தான், சொல்லிக்கொள்ளாது.
தட்டை அடியுள்ள எங்கள் படகு மணலில் அமர்ந்தது
பசு படுப்பதுபோல, பெருமூச்சோடு.

இனித் தண்ணீர் ஏற ஆறு மணிநேரம்.
ஏணியை இறக்கினேன்.

முழங்கால் சேற்றில் நண்டைத் துரத்தினான் ஃபொக்கெ;
திரும்பி நண்டு துரத்தியது.
நங்கூரம்வரை நடந்தே போய்த் தடவிப் பார்த்தாள் மின்கெ:
"பாவம், இது இங்கதான் தனியா இருக்குமா?"
வீபெ கரண்டியால் படகின் வயிற்றைச் சுரண்டினான்,
கடிகாரம் சட்டைப்பையில்.

கடல் திரும்பியதும்
ஏற மாட்டோமென்று இரண்டு பேரும் அழுகை.
தீவா?
அது எங்கே போய்விடப் போகிறது.