ஒரு பல் தள்ளி

துர்யசிங்குராவுக்கு வண்டியை விற்றபோது
பிரேக் ராடின் நுனியில்
விரல்கடை அளவு மரை மிச்சமிருந்தது.
தொட்டுப் பார்த்துவிட்டு
"ஷூ புதுசு போல" என்றான்.
இல்லை என்று நான் சொல்லவில்லை.
ஆமாம் என்றும் சொல்லவில்லை.
அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது.

முந்தின இரவு நடந்தது இது:
பின்சக்கரத்து டிரம்முக்குள்
லைனிங் நகத்தின் கனத்துக்குத் தேய்ந்திருந்தது.
முறுக்கி முறுக்கி மரை தீர்ந்து
நட்டு முட்டுச்சந்தில் நின்றது.
புது ஷூ கபாலேயில் இருபதாயிரம் ஷில்லிங்.
லீவரைக் கழற்றி
கேம் தண்டில் ஒரு பல் தள்ளி மாட்டினேன்.
அவ்வளவுதான்.
தேய்மானம் காட்டும் முள்
பின்னால் நகர்ந்து நல்லபிள்ளையாய் நின்றது.

விலைக்கு வாங்கும் மாட்டை
பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்குவார்களா?
அவனும் பார்த்தான்.
டயரை அமுக்கினான், ஹாரன் அடித்தான்,
செயினைக் குலுக்கினான்.
பார்க்க வேண்டிய பல் ஒன்றுதான்.
அதை நான் நகர்த்தியிருந்தேன்.

ஒன்பது நாள் நன்றாகத் தூங்கினேன்.
பத்தாம் நாள் மழை.
பெட்ரோல் போட வந்த ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்:
துர்யசிங்குரா இப்போது கனாபாவிலிருந்து
உருளைக்கிழங்கு இறக்குகிறான்,
நடைக்கு இரண்டு மூட்டை,
மூட்டைமேல் மனைவி.

கனாபா இறக்கம் எனக்குத் தெரியும்.
எச்சுயாவின் மூங்கில் காட்டில்
பத்தடிக்கு அப்பால் சாலையே இருக்காது,
பனிதான் இருக்கும்.

தேய்ந்த ஷூவை நெம்ப
கேம் எட்டி எட்டிப் போகும்.
ஒருநாள் எட்டக்கூடாத தூரம் எட்டி
புரண்டு படுத்துக்கொள்ளும்.
பிறகு மிதியை விட்டாலும் சக்கரத்தை விடாது.
அல்லது
மிதித்துக்கொண்டே இருப்பான், கீழே ஒன்றுமே இருக்காது.
இரண்டில் எது என்று
படுத்துக்கொண்டு யோசிக்க முடியவில்லை.

முகோ சந்தையில் பிடித்தேன்.
"பின் பிரேக்கைப் பார்த்துத் தருகிறேன்.
காசு வேண்டாம்."
கண்ணைச் சுருக்கினான்.
விற்ற பிறகு தேடி வந்து இலவசம் என்பவனை
எந்த ஊரில் நம்புவார்கள்?
"எதைக் கழற்றிக்கொண்டு போக வந்தாய்?"

மூட்டைமேல் உட்கார்ந்து
என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.
அவன் மனைவி கென்யங்கி
கழற்றியதையெல்லாம் சாக்கில் பரப்பி
உரக்க எண்ணினாள்.
அச்சு ஒன்று. நட்டு மூன்று. ஸ்பிரிங் இரண்டு.

கறுத்த தூசியை ஊதாமல்
ஈரத்துணியால் துடைத்தேன்.
டிரம்மின் பளபளப்பை உப்புத்தாளால் கலைத்தேன்.
கேமுக்கு எள்ளளவு கிரீஸ்,
கூடினால் லைனிங்கில் ஏறிக்கொள்ளும்.
செய்தித்தாளில் சுற்றி வந்த புது ஷூவை மாட்டி
லீவரை அதன் சொந்தப் பல்லில் உட்கார வைத்தேன்.
புள்ளிக்கு நேர் புள்ளி.
டிரம் மூடியைப் பிடிக்கும் கம்பியின் போல்ட், அதற்குப் பின்,
பின்னின் இரு காலையும் விரித்து மடக்கினேன்.
சக்கரத்தைச் சுற்றிவிட்டு நட்டை முறுக்க
உள்ளே ஸ்ஸ் என்றது.
அரைச்சுற்று தளர்த்தினேன்.
மிதிக்குப் பெருவிரல் அகலம் சும்மா ஆட இடம்.

பழைய ஷூவை எடுத்த கென்யங்கி
தன் நகத்தோடு வைத்துப் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.
எண்ணுவதை நிறுத்தியிருந்தாள்.

அவன் இரண்டாயிரம் ஷில்லிங் நீட்டினான்.
"சும்மா செய்தால் பிரேக்கும் சும்மாதான் பிடிக்கும்."
வாங்கிக்கொண்டேன்.
ஏன் வாங்கினேன் என்று இன்னும் தெரியவில்லை.

சந்தைக்குக் கீழே சாலை வளையும் இடத்தில்
மூட்டையும் அவளுமாக வண்டி
நிதானித்துத் திரும்பியது.
திரும்பி முடித்த பிறகுதான்
பனிக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது.

மிதியோடு சேர்த்து
விளக்குச் சுவிட்சின் ஸ்பிரிங்கையும் சரிசெய்திருக்க வேண்டும்.
மறந்துவிட்டேன்.
அடுத்த சந்தைக்கு மறுபடி போக வேண்டும்.
இந்த முறை அவன் பக்கத்திலேயே விடமாட்டான்.