நாற்பது மணி நேரம்

மல்கோவா படம் போட்ட காலண்டரின் பின்பக்கம்
ஆறு கட்டம் கிழித்து வைத்திருக்கிறேன்.
ஆறு பருவம், மூன்று வருஷம்.
அதற்கப்புறம்தான் அந்தப் படிப்பு,
அதுவும் கடல் தாண்டி, அதுவும் கிடைத்தால்.

விலங்கியல் எடுத்தால் தவளைக்குத் தோள் உண்டு,
மனுஷருக்கு இல்லை.
உளவியல் எடுத்தால் மனசு உண்டு,
அது சொல்வதைக் கேட்கிற விரல்கள் கிடையாது.
புள்ளியியல் ரெண்டிலும் வருகிறது,
பத்திரிகை வைக்காமலே வந்து நிற்கும் சொந்தக்காரர் மாதிரி.
உடற்கூறியலை இரண்டாம் கட்டத்தில் எழுதி
நான்காம் கட்டத்துக்குத் தள்ளி
மறுபடி அழித்ததில்
தாள் அங்கே மட்டும் மெலிந்துவிட்டது.

அஸ்தம்பட்டி ஜெராக்ஸ் கடையில் கேட்டார்கள்,
என்ன படிக்கப் போறே?
ஆக்குபேஷனல் தெரபி.
"வேலை வாங்கித் தர்றதா?"
இல்லைங்க.
"அப்ப பிசியோ."
அதுக்குப் பக்கத்து வீடு.
"அதையே படிச்சுட்டுப் போலாமே."
பத்துப் பக்கம் இருபது ரூபாய்.
சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டேன்.

விண்ணப்பத்தில் ஒரு வரி இருக்கிறது:
சேருவதற்கு முன் நாற்பது மணி நேரம்
அருகில் நின்று பார்த்திருக்க வேண்டும்.
தொடுவது பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
ஜெசிந்தா மேடம் சொன்னார்:
"தள்ளி நில்லுங்க."

ஜங்ஷன் பக்கம், மருந்துக்கடைக்கு மேல் மாடி.
ஜன்னலில் சேர்வராயன் மலை,
பதினொரு மணிக்குமேல் அது வெறும் புகை.
துணி கிளிப்புகள், பட்டாணி, பூட்டுச் சாவி,
சட்டை மாட்டாத பொத்தான் பட்டி.
இதையா பாடமா வச்சிருக்காங்க என்று
முதல் நாள் எனக்கும் தோன்றியது.

சின்னப்பையன், வயது நாற்பத்து மூன்று,
லாரி ஓட்டியவர்.
ஹரியானாவிலிருந்து திரும்பும் வழியில்
வலது பக்கம் மொத்தமும் தூங்கிப்போனது.
என்ன செய்யணும் உங்களுக்கு, என்று கேட்டபோது
ஸ்டியரிங் என்பார் என்றுதான் நினைத்தேன்.
"ரசம் சோறு பிசையணும்.
கரண்டியில தின்னா
யாரோ எனக்கு ஊட்டுற மாதிரியே இருக்கு."

ஊறவைத்த ஜவ்வரிசி ஒரு தட்டில் வந்தது.
நழுவும், ஒட்டும், மறுபடி நழுவும்.
பதினேழாவது மணி நேரத்தில்
ஒரு பிடி அள்ளினார்.
முழங்கை எழுந்தது. தோள் காதுவரை ஏறியது.
கை வாய்க்குப் போகாமல்
கன்னத்தில் போய் முட்டி நின்றது.
என் கை தானாக ஓரடி நீண்டது.
மேடம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை,
"தள்ளி நில்லுங்க."

கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன்.
அந்த நாற்பது நொடிக்கு
எந்தக் கட்டத்திலும் பாடம் இல்லை.

சாயங்காலம் தள்ளுவண்டியில்
தட்டுவடை செட்டை இடது கையால் மட்டும் எடுத்தேன்.
மேல் வடை உடைந்தது,
பீட்ரூட்டும் கேரட்டும் சட்னியும்
துப்பட்டாவோடு போயின.
"அதான் ரெண்டு கை இருக்கில்லக்கா?"
இருக்கு தம்பி.
இன்னொரு செட் கொடு.

இருபத்து மூன்றாவது மணியோடு அவர் நின்றுவிட்டார்.
ஓமலூரிலிருந்து ஆட்டோவுக்குக் காசு
என்று யாரோ சொன்னார்கள்.
அந்த நாற்காலியில் இப்போது
பென்சிலை முஷ்டியில் பிடிக்கும் ஒரு பையன்.
அவனைப் பார்த்ததும் மணிக்கணக்கில் சேரும்.
ரசம் சோறு என்ன ஆனது என்று எழுத
படிவத்தில் இடம் இல்லை,
நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
சாப்பிட்ட தட்டுக்குப் பக்கத்தில்
ரெண்டு கல்லூரி விண்ணப்பமும் கிடக்கிறது.
எதும்மா, என்கிறார் அப்பா.
ரெண்டுலயும் தோள் இல்லப்பா.

அவருக்கு அது புரியவில்லை.
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொல்கிறார்,
"எதுன்னாலும் பஸ் ஒண்ணுதானே."

நாளைக்கு இருபத்தெட்டாவது மணி.