தொழில் என்ற கட்டம்

கலாமா நகரின் வங்கிக் கிளையில் மூன்றாம் மேசை.
வீட்டுக் கடன் படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்த
ஓஸ்வால்தோ வெர்காராவின் பேனா
‘தொழில்’ என்ற கட்டத்தில் நின்றுவிட்டது.
“மின்வேதியியல்” என்கிறாள் யெர்க்கா.
“மின்சாரமா, வேதியியலா? ஒன்றைச் சொல்லுங்கள்.
கட்டம் சின்னது.”

ஒன்றைச் சொல்லத்தான் அவளும்
ஏழு வருடமாய்ப் பார்க்கிறாள்.

அந்தோஃபகாஸ்தா கல்லூரியில் ஆறு பேர் ஒரே பெஞ்சு.
முதலாண்டில் எல்லோருக்கும் பேட்டரிமேல்தான் காதல்.
நிபால்தோவுக்கு மட்டும் பாதி கைகூடியது:
உப்புப் பாலைவனத்தில் லித்தியக் குட்டைகளுக்குக் காவல்.
தினமும் ஒரு மஞ்சளைப் படம்பிடித்து அனுப்புவான்.
பேட்டரியை அவன் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

மாக்தா தெற்கே, தால்காவானோ துறைமுகத்தில்.
கப்பலின் அடிவயிற்றில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவாள்,
எஃகைத் தின்ன வரும் கடலுக்கு
முதலில் அவை கரையும்.
“பலியாடு மேய்க்கிறேன்” என்று எழுதுகிறாள்.

ஒருத்தன் சாந்தியாகோவில் குழாய்களுக்குக் குரோமியம் பூசுகிறான்.
லிசெத், ரத்தச் சர்க்கரை பார்க்கும் பட்டை செய்யும் ஆலையில்.
ஆறாவது ஆள் கேக் கடை வைத்துவிட்டான்.
ராத்திரி தூங்குகிறவன் அவன் மட்டும்தான்.

யெர்க்காவின் வேலை, நடப்பது.
இரவு பதினொன்றுக்கு மின்பகுப்புக் கூடத்தில்
தொட்டிகளின் விளிம்பு வழியே
கால் கிலோமீட்டர் போய், கால் கிலோமீட்டர் திரும்ப.
கீழே மயில்துத்த நிறத்தில் அமிலம்.
அதன் ஆவி தொண்டைக்கு ஏறாதிருக்க
மேலே பரப்பிய பிளாஸ்டிக் உருண்டைகள்.
ஏறத்தான் செய்கிறது.

மின்வாய் என்கிறோமே, அது
வாய்தான்.
ஈய வாய் மூச்சுவிடுகிறது, குமிழ் குமிழாய்.
எதிரே எஃகு வாய் செம்பை விழுங்குகிறது.
நடுவில் மூன்று விரல் இடைவெளி, இரண்டே வோல்ட்.
ஒரு வாரத்தில் எஃகின்மேல்
உரித்தெடுக்கும் பதத்துக்குச் செம்பு தடிக்கும்.

சில இடத்தில் அதற்குப் பொறுமை இருக்காது.
முடிச்சாய் முளைத்து, எதிர்த்தகட்டைத் தொட நீளும்.
தொட்டால் அவ்வளவுதான்:
அத்தனை மின்சாரமும் அந்த ஒரு முத்தத்துக்குப் போய்விடும்.
வெப்பக் கேமராவில்
ஊதாத் தகடுகளின் வரிசையில் ஒன்று மட்டும்
ஆரஞ்சாய் எரியும்.
யெர்க்கா கடப்பாரையை இறக்குவாள்.
டங்.
இன்னொரு டங்.
பிறகு நடப்பாள்.

மேடுபள்ளமின்றிப் படிய, தொட்டியில்
கொத்தவரை விதை மாவு கரைப்பார்கள்.
மூட்டையில் ஜோத்பூர் என்று அச்சிட்டிருக்கும்.
அந்தச் செடியை அவள் கண்டதில்லை.
அதன் காயைத் தேங்காய் போட்டுப் பொரிப்பவர்கள் உண்டென்றால்
நம்பவே மாட்டாள்.

இதில் எதை எழுதுவது அந்தக் கட்டத்தில்?

“மன்னிக்கணும், சாப்பாட்டு வேளை” என்று
ஓஸ்வால்தோ இழுப்பறையைத் திறக்கிறார்.
சின்னக் கருவி, ஊசி, நடுவிரல் நுனி.
பட்டையில் ஒரு சொட்டு.
ஐந்து நொடி.
நூற்றுத் தொண்ணூற்றாறு. முகம் சுளிக்கிறார்.

“இதுவும் அதுதான்” என்கிறாள்.
“எது?”
“என் தொழில். அந்தப் பட்டைக்குள்
கண்ணுக்குத் தெரியாத ரெண்டு வாய் இருக்கு.
உங்க சர்க்கரையை எண்ணிச் சொல்லுது.”

பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.
குப்பைக்கூடைமேல் கை ஒரு கணம் தயங்குகிறது,
பிறகு போட்டுவிடுகிறார்.
எழுதுகிறார்.
தலைகீழாகவே படித்துவிட்டாள்:
எலக்ட்ரீஷியன்.

திருத்த வாயெடுத்தாள்.
“அந்த வகைக்கு வட்டி அரை சதவீதம் குறைவு”
என்றார், நிமிராமலே.
வாயை மூடிக்கொண்டாள்.

கையெழுத்து போட்டு எழும்போது
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
“வீட்டில் கெட்டிலைப் போட்டாலே
ஃப்யூஸ் போகிறது. என்னவாயிருக்கும்?”

“எங்கேயோ ரெண்டு தொடுது” என்றாள்.
படியும் வரை வந்துவிட்டுத் திரும்பினாள்.
“சனிக்கிழமை எனக்கு ஷிஃப்ட் இல்லை.
முகவரி சொல்லுங்கள்.”