வெறும் வயிறு

"சாப்பிடாமத்தானே வந்தீங்க?"
காலை ஆறரை, கிருஷ்ணகிரி,
இராயக்கோட்டை ரோட்டு லேப்.
திம்மராயன் தலையாட்டினார்.
மாங்கூழ் டிரம் ஏற்றும் லாரிகளுக்குக்
கயிறு கட்டுகிறவர்.

புஜத்தில் ரப்பர் குழாயை இழுத்து மடித்தேன்.
"ஒரு சுருக்கு போதுமா?"
ஒரு விரலால் இழுத்தால் அவிழணும் என்றேன்.
"நம்ம கட்டு வேற.
தூத்துக்குடி போனாலும் அசையாது."

ரசீதில் ஃபாஸ்டிங் என்றிருந்தது.
இரவு ஷிப்டில் அகராதி புரட்டுகிறவள் நான்.
பிறந்தபோது அந்தச் சொல்லுக்குப்
பசி தெரியாது, வேகமும் தெரியாது.
இறுக்கம் மட்டும்தான்.
கதவை அப்படிச் சாத்தினார்கள்,
கொடுத்த வாக்கை அப்படிப் பிடித்தார்கள்,
பிறகொரு நாள்
வாயையும்.

இவருக்கு அகராதி எதற்கு?
"வாயக் கட்டி வயித்தக் கட்டி
பொண்ண பாலிடெக்னிக் சேத்தேன் மேடம்."

நரம்பு தட்டுப்படவில்லை.
மறு கையிலும்.
"கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?"
"முந்தாநாள் மத்தியானம்.
சாப்பிடாம வான்னு சொன்னாங்க.
எப்ப இருந்துன்னு சொல்லல."

ஊசியை மூடி வைத்தேன்.
ஒரு விரலால் இழுத்தேன், குழாய் அவிழ்ந்தது.
புஜத்தில் சிவப்பாய் ஒரு வரி,
மறைந்துகொண்டிருந்தது.
உள்ளங்கையில் இருந்தவை மறையாதவை.

எதிர்க்கடையில் இட்லித் தட்டைத் திறந்தார்கள்.
"நாளைக்கு வாங்க.
ராத்திரி எட்டு மணிக்கு நல்லா சாப்பிட்டுட்டு,
அதுக்கப்புறம் மட்டும் வேண்டாம்."

சட்டைக் கையை இறக்கிவிட்டு
வாசல்வரை போனவர் திரும்பினார்.
"அப்ப இப்போ
சாப்பிடலாங்களா?"