பதம் பார்த்தல்

ஒரு கத்தி வாங்க
ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன்.
வீட்டுக்கு இவ்வளவு யோசித்ததில்லை.
கல்யாணத்துக்கு, சத்தியமாக, இதில் கால்வாசி.

காம்பாதோஸில் அன்று மழை.
எலாடியோ கடையில் மூன்று மடக்குக் கத்திகள்
பச்சைத் துணிமேல் வாய் திறந்து கிடந்தன.
'எல்லாம் எஃகுதானே?' என்றேன்.
'எல்லாம் மீன்தானே' என்று கேட்டவளை
மீன்காரி பார்ப்பாளே,
அப்படிப் பார்த்தார்.

முதலாவது வெறும் கார்பன்.
கல்லில் நாலு இழுப்பு, காகிதம் இரண்டு துண்டு.
ஆனால் எலுமிச்சை பட்டால் முகம் கறுக்கும்,
கடல் என்று பேச்செடுத்தாலே துரு.
இரண்டாவது டி2.
பிடிவாதக்காரன். லேசில் மழுங்க மாட்டான்,
மழுங்கிவிட்டாலோ
மறுபடி வழிக்குக் கொண்டுவர
ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாக வேண்டும்.
குரோமியம் உண்டு. உப்புக்கு அது போதாது.
மூன்றாவதில்
கார்பனில் பெரும்பங்கை எடுத்துவிட்டு
நைட்ரஜனைச் சேர்த்திருக்கிறார்களாம்.
காற்றில் இருப்பதை எப்படி எஃகில் அடைத்தார்கள் என்று
கேட்க நினைத்தேன், அதற்குள்
எலாடியோ ஜன்னலைப் பார்த்தபடி
விலையைச் சொல்லிவிட்டார்.

என் வேலை விரிகுடா நடுவே, மிதவையில்.
தைலமரச் சட்டங்கள். சட்டம் நெடுகக் கயிறு.
கயிறு நெடுகச் சிப்பி.
கத்தி அங்கே ஆறாவது விரல்.
இடக்கையில் எனக்கு நாலரைதான் என்பதால்
கணக்கு ஏறக்குறைய நேராகும்.

வாங்குமுன் சோதிக்க வேண்டாமா?
கார்பன் என்னிடமே இருந்தது.
டி2 மோஞ்சோவுடையது, கூட வேலை செய்பவன்.
நைட்ரஜன் நாத்தனார் இரியாவுடையது;
அவள் அதில் ஆப்பிள் தவிர வேறெதுவும் நறுக்கியதில்லை.
அடுக்களை மேசையில் பழைய கயிறு.
நாற்பதாவது வெட்டில் கார்பன் திணறியது.
அறுபத்தைந்தில் நைட்ரஜன்
நார்நாராகப் பிய்க்கத் தொடங்கியது.
நூற்றுப் பத்தில் டி2
இன்னும் காகிதத்தைக் கேட்டது.
என் மணிக்கட்டுதான் மழுங்கியது.

அப்புறம் மூன்று காபிக் கோப்பையில்
கடல் தண்ணீர், ஓர் இரவு.
காலையில் என் கார்பன்
ஆரஞ்சுச் சட்டை போட்டிருந்தது.
டி2 உடம்பெல்லாம் அம்மை.
மடக்கும் மூட்டு அசைய மறுத்தது.
இரியாவுடையது
இப்போதுதான் முகம் கழுவியதுபோல் வந்தது.

நம்பிக் கொடுத்தவன் மோஞ்சோ.
தீட்டின மரத்திலேயே பதம் பார்த்திருக்கிறேன்.
இரண்டு நாள் அவன் பேசவில்லை.
மூன்றாம் நாள் பேசியதை
எழுத முடியாது.

மூன்றாவதையே வாங்கினேன்.
சீக்கிரம் மழுங்கும், தெரியும்.
மாலையில் காபி பொங்கும் நேரத்தில்
ஏழெட்டு இழுப்பு, அவ்வளவுதான்.
துருவோடு அப்படி ஒப்பந்தம் போட முடியாது,
அது நான் தூங்கும்போது வேலை செய்யும்.

பத்தொன்பது நாள்.
இருபதாம் நாள் செவ்வாய், வடகிழக்குக் காற்று.
ஒரு முடிச்சை அறுத்துக்கொண்டிருந்தேன்.
சிப்பிக் கொத்து சரிந்தது.
பிடிக்கக் கை நீட்டினேன்,
எந்தக் கை என்று யோசிக்காமல்.

சின்னச் சத்தம்.
சர்க்கரைக் கட்டி காபியில் விழுவதுபோல.

மோஞ்சோ தொப்பியைக் கழற்றினான்.
சிரிப்பை அடக்க
தொப்பியைக் கடித்துக்கொண்டான்.

சனிக்கிழமை எலாடியோ கேட்டார்:
'எஃகு எப்படி? துருப்பிடித்ததா?'
'இருக்காது' என்றேன்.
'இருபது மீட்டர் ஆழத்தில், சேற்றில்,
விரிந்த வாயோடு
பளபளவென்று இருக்கும்.
நண்டுகளைக் கேட்டால் சொல்லும்.'

அவர் மறுபடி பச்சைத் துணியை விரித்தார்.
வனேடியம், கடினம், பதம் என்று
ஆரம்பித்தார்.
நான் மலிவானதைக் கையில் எடுத்து
பிடியின் கடைசியைத் திருப்பினேன்.

'கயிறு கோக்க
இதில் ஓட்டை எங்கே?'