இரண்டரை மில்லிமீட்டர்

காக்கி புக்கிட், ஆறாம் மாடி,
சரக்கு மின்தூக்கிக்கு நேர் எதிர்.
துப்பாக்கிகள் இங்கே வருவது
குண்டை மறக்க.

குழலுக்குள் ஒளி வைக்கிறோம்,
தோட்டா இருந்த இடத்தில் அழுத்திய காற்று.
விசையை இழுத்தால் உதைக்கும், தோள் கன்றும்,
எதிர்ப் பலகையில் ஒரு சிவப்புப் புள்ளி.
யாரும் விழுவதில்லை.
மற்றதெல்லாம் பொறியாளர்கள்.
என்னுடையது திருகாணி.
எந்த மரை, எந்தத் தலை, எந்த உலோகம்,
எந்தக் கடை.

தோடு போட்ட எவளுக்கும் தெரியும் இந்தக் கவலை.
படுக்கும்முன் காதுக்குப் பின்னால் கை போகும்
தானாக,
கால் சுற்று இறுக்கிவிட்டுத் திரும்பும்.
நேர்காணலில் இதைச் சொன்னேன்.
ஃபைருஸ் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

உதை ஒரு பொறுமைசாலி.
ஒரே நாளில் எதையும் பிடுங்காது.
முந்நூறாவது அதிர்வில் மயிரிழை,
ஆயிரத்தில் அரைச் சுற்று,
அப்புறம் ஒரு மதியம்
விரல் வைத்தால் ஆடும்.
அதனால்தான் கழுத்தில் நீல நைலான் பூசியது.
அதனால்தான்
ஒருமுறை கழற்றியதை மறுபடி போடாதே,
குப்பையில் போடு, காசைப் பார்க்காதே
என்று சுவரில் ஒட்டியிருக்கிறது,
என் கையெழுத்தில்.

நான் காசைப் பார்த்தேன்.

பிப்ரவரி. சீனப் புத்தாண்டுக்கு
வழக்கமான கடை பதினைந்து நாள் அடைப்பு.
ஜாலான் புசாரில் திருவாட்டி குவெக்
இரண்டு ஆரஞ்சோடு ஒரு பொட்டலம் நீட்டினார்:
அதே அளவு, அதே நீலம், பாதி விலை.
ஐந்தை எடுத்து முறுக்கிப் பார்த்தேன். நின்றன.
இருநூற்றில் ஐந்து.
அன்றைக்கு மழை வேறு, பேருந்து வேறு.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை
அக்காள் மகன் துருவன் வந்தான்,
தேக்கோங் மண் காலணிப் பள்ளங்களில்.
ரசத்தைக் கிண்ணத்தோடு குடித்துவிட்டு
“சித்தி, ஒரு ஸ்க்ரூ” என்றான்.
“பயிற்சித் துப்பாக்கியிலேர்ந்து விழுந்துடுச்சு.
அரிசிகூட இல்ல, நொய்.
மொத்த பிளட்டூனும் முட்டி போட்டு
லாலாங் புல்லுல, டார்ச்ச வாயில கடிச்சுக்கிட்டு
ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லா.
சார்ஜென்டுக்கே மரை கழண்டுபோச்சு.”

கிடைத்ததா?

“ஐம்பது காசு கெடச்சுது. பேனா மூடி.
பாம்புன்னு ஒருத்தன் கத்துனான், அது ஷூ கயிறு.
ஸ்க்ரூ கெடைக்கல.”

முழங்கையில் புல் கீறிய கோடுகள்,
அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல.
முட்டை ஒன்றை உரித்து அவன் தட்டில் வைத்தேன்.
இன்னொன்றும்.
“வலப்பக்கத் தகட்டிலா,” என்று கேட்டுவிட்டேன்,
“பின்னாலிருந்து இரண்டாவது?”

மெல்லுவதை நிறுத்தினான்.
“உனக்கு எப்படித் தெரியும்?”

சும்மா கேட்டேன், சாப்பிடு.

திங்கள் காலை ஃபைருஸிடம் பொட்டலத்தை வைத்தேன்,
ரசீதோடு. அதில் மீதம் எழுபத்தொன்று.
சோதித்தவை ஐந்து.
முப்பத்தொரு துப்பாக்கிகளைத் திரும்ப அழைக்க
ஒரு படிவம் இருக்கிறது, மூன்று பக்கம்.
காரணம் என்ற இடத்தில்
‘தேர்வு’ என்று எழுதி, அடித்துவிட்டு,
என் பெயரை எழுதினேன்.
அதற்கு வேறு கட்டம் இருக்கிறது என்றார்.

நூற்று இருபத்து மூன்று வந்து சேர்ந்தன.
ஒவ்வொன்றாக எண்ணினேன், கழற்றினேன்,
குப்பையில் போட்டேன்.

ஒன்று அங்கேயே கிடக்கிறது.
லாலாங் வேருக்கடியில், கடல் ஈரத்தில்,
எத்தனை படை வந்து போனாலும்
அப்படியே, பளபளவென்று.
துருப்பிடிக்காத எஃகு.
அதை மட்டும் நான் இரண்டு முறை கேட்டு
உறுதி செய்துதான் வாங்கினேன்.