மிச்ச ஃப்ளெக்ஸில் ஒரு முகம்

சிம்மக்கல்லில் மாடியேறும் கடை.
பூப்புனித நீராட்டு, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி:
மூன்றுக்கும் ஒரே சாமந்தி, ஒரே தங்க விளிம்பு.
அஞ்சலிக்கு மட்டும்
சாமந்தியிலிருந்து நிறத்தை உருவிவிடுவேன்.

அவனியாபுரத்திலிருந்து வந்திருந்தார் கனிஷ்காவின் அப்பா.
பத்துக்கு இருபது பேனர். தாய்மாமன்கள் ஒன்பது பேர்.
கூலிங் கிளாஸ் இல்லாத ரெண்டு பேருக்கு
நீங்களே மாட்டி விட்ருங்க என்றார்.
பிள்ளை கையில அந்தப் பொம்மை வேண்டாம்,
எடுத்துட்டுக் கும்பிடுற மாதிரி வைங்க.
அப்படியே நிறமும் கொஞ்சம்...

கொஞ்சம் என்றால் எவ்வளவென்று எனக்குத் தெரியும்.
பன்னிரண்டு வருஷமாக
இந்த ஊரை வெளுத்துக்கொண்டிருக்கிறேன்.

பேனாக் கருவியால் பொம்மையைச் சுற்றி வந்தேன்.
ஒரு பக்கம் முடி கொட்டிய தலை,
பாதியில் சிக்கிக்கொண்ட இடது இமை,
மருதாணிபோல் யாரோ ஸ்கெட்ச் பேனாவால் தீட்டிய கால்.
இடுப்பருகே வந்ததும் நின்றேன்.
அங்கே கனிஷ்காவின் மூன்று விரல்கள்,
பிளாஸ்டிக் அமுங்கும் அளவுக்கு.
வெட்டினால் பொம்மைக்கு இடுப்பில் ஓட்டை விழும்.
விரல்களோடு எடுத்து ஓரமாக வைத்தேன்.

கனிஷ்காவுக்கு
போன மாசம் வந்த வேறொரு பிள்ளையின்
கும்பிட்ட கைகளை ஒட்டினேன்.
வளையல் கணக்கு இடித்தது. யாரும் எண்ணமாட்டார்கள்.

ராத்திரி ஒன்பதரை. மழை. கரண்ட் போய் வந்தது.
பொம்மை மட்டும் தனி லேயரில் கிடந்தது,
பின்னால் கட்டம் கட்டமாய் ஒன்றுமில்லாமை.
அழிக்கத்தான் போனேன்.
சும்மா த்ரெஷோல்டை இழுத்துப் பார்த்தேன்.

கறுப்பு, வெள்ளை. நடுவில் சமரசம் கிடையாது.
நூற்றைம்பதில் முகம் முழுக்கக் கரி.
தொண்ணூறில் மூக்கைக் காணோம்.
நூற்றிருபத்தொன்றில்
அந்தப் பாதிக் கண் என்னைப் பார்த்தது.

அப்புறம் கை நிற்கவில்லை.
முகத்துக்கு மயில்கழுத்து நீலம்,
உதட்டுக்கு ஷேர் ஆட்டோ மஞ்சள்,
முடிக்கு ரோஸ்மில்க்.
பின்னால், எந்தக் கட்சியும் உரிமை கோராத ஒரு பச்சை,
அதைத் தேடிப் பிடிக்கவே கால்மணி நேரம்.
கன்னத்தில் ஹாஃப்டோன் தூவினேன்,
அம்மை வார்த்த மாதிரி இருந்தது.
புள்ளிகளைப் பெரிதாக்கினேன்,
அலங்காரம் ஆகிவிட்டது.

இதை நான்காக்கினேன்.
இரண்டாவதில் முகம் அட்டக்கறுப்பு.
குறைக்கச் சொல்லி யாரும் போன் பண்ணவில்லை.
விரல்கள் மட்டும் நான்கிலும் சிவப்பு.

சிக்கந்தர் எட்டிப் பார்த்தான். யாரு ஆர்டருக்கா?
என்னோடது.
மிச்சத்துல ஓட்டிர்றேன், நாலுக்கு நாலு வரும்.

மெஷின் தறிபோல் போய்ப் போய் வந்தது.
திரையில் கத்திய பச்சை
ஃப்ளெக்ஸில் கீரையாய் வெந்து இறங்கியது.
மெஜந்தா அடைத்து, சாணுக்கு ஒரு வெள்ளைக் கோடு.
தொடச்சுட்டு மறுபடி ஓட்டவா?
வேணாம், இருக்கட்டும் என்றேன்,
பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக.

கடைக்குப் பின்னால் ஆணியில் மாட்டியது
ஆடி முடிவதற்குள் காணாமல் போனது.
ஃப்ளெக்ஸ் போகும் வழி எனக்குப் புதுசில்லை:
மாட்டுக் கொட்டகை, லாரி முதுகு,
மழைக்குச் செங்கல் சூளை.

நேற்று யானைக்கல் பக்கம், பாலத்துக்குக் கீழே,
ஒரு இட்லி வண்டி. அடுப்புக்குக் காற்று மறைப்பாய்
நான்கு முகமும் நின்றன, ஒன்று கொஞ்சம் கருகி.
தட்டில் வாழையிலை வைத்துக்கொண்டே
வண்டிக்காரப் பெண் கேட்டாள்,
நான் வெகுநேரமாய் அதையே பார்ப்பதைக் கண்டு:
இந்தக் கை யாருதா இருக்கும்க்கா?
பொம்மைக்குக் கலர் மாறிக்கிட்டே இருக்கு,
பிடிச்ச பிள்ளை விடமாட்டேங்குது பாருங்க.

இட்லிக் கொப்பரையைத் திறந்தாள்.
ஆவி ஏறியதில் பாதிக் கண் நனைந்திருந்தது.
எனக்குக் காரச் சட்னி போதும் என்றேன்.